எந்தத் தலைமுறை 911? ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

போர்ஷே 911 என்ற ஒரே பெயரின் கீழ் இதுவரை எட்டுத் தலைமுறைக் கார்கள் வந்திருக்கின்றன. 1963ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு அறிமுகமாகி, நடுவில் பூஜ்யம் கொண்ட மூன்றிலக்கப் பெயர்கள் தனக்கே உரியவை என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆக மாறிய அந்த முதல் காரையும், எஞ்சினோடு மின்மோட்டாரையும் சுமக்கும் இன்றைய காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினும், வட்ட முகப்பு விளக்குகளும், பின்புறம் நோக்கிச் சரியும் கூரையும் மட்டுமே பொதுவாக மிஞ்சும். இவற்றில் ஒன்றை வாங்கி, மூடிவைத்து விலையேறக் காத்திராமல் உண்மையாகவே ஓட்ட விரும்புபவர் எதைத் தேர்வது என்பதே இங்குள்ள கேள்வி. விலை நிலவரத்தை இதில் சேர்க்கவில்லை. அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், பொறியியல் மாறாது.

இந்தக் காரின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் ஒரு முறை தெரிகிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் ஒரு குறையைத் தீர்த்திருக்கிறது, அதற்கு ஈடாக ஒரு குணத்தைக் கைவிட்டிருக்கிறது. ஆகவே எந்த 911 சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் குணத்தை இழந்தால் நமக்கு வலிக்காது என்று கேட்டால் விடை விரைவில் கிடைக்கும். என் கணிப்பில் மூன்று மாற்றங்கள்தான் தேர்வைத் தீர்மானிக்கின்றன: 1997இல் காற்றுக் குளிர்ச்சியிலிருந்து நீர்க் குளிர்ச்சிக்கு மாறியது, 2011இல் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கிலிருந்து மின் ஸ்டியரிங்கிற்கு மாறியது, 2015இல் அடிப்படை மாடல்களான சாதாரண கரேராக்களுக்கும், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வந்தது. பிற எல்லாம் இவற்றுக்கு அடுத்த நிலையில் வருபவை.

முதலில் எஞ்சின் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாத் தலைமுறைகளின் நல்லதும் கெட்டதும் அங்கிருந்தே கிளம்புகின்றன. காரின் மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின்சக்கரங்களின் மேல் அமர்ந்திருப்பதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் பின்டயர்கள் சாலையை வேறெந்தக் காரிலும் காண்பதற்கரிய வலுவோடு பற்றிக்கொள்கின்றன. அதே காரணத்தால், வளைவின் நடுவில் ஓட்டுநர் பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் நகர்ந்து, பிடிப்பு இழந்த பின்பகுதி வெளிப்புறமாக வீசத் தொடங்குகிறது. இதைச் சமாளிக்க அறுபதுகளின் மத்தியில் போர்ஷே செய்த வேலை சற்று வேடிக்கையானது: முன் பம்பரின் இரு ஓரங்களிலும் வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். 1969 மாடலில்தான் முறையான தீர்வு வந்தது. பின்சக்கரங்களைப் பின்னால் தள்ளி, முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரமான வீல்பேஸை 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 மில்லிமீட்டராக நீட்டினார்கள். ஒரே பேட்டரியை இரண்டாகப் பிரித்து முன்பக்க மூலைகளில் வைத்தார்கள். அதன் பின் வந்த அரை நூற்றாண்டுச் சஸ்பென்ஷன் வரலாறு பெரும்பாலும் இதே பிரச்சினைக்கான அடுத்தடுத்த விடைகளே.

1989 வரையிலான கார்களை ஒரே தொகுதியாக எடுத்துக்கொள்ளலாம். 1973 வரை வந்தவை அழகானவை, இலகுவானவை, முதல் காரின் எடை ஏறத்தாழ 1080 கிலோ, திறன் 130 குதிரைத்திறன். ஆனால் அவற்றின் தகடுகள் துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சுக் கொண்ட முழு உடல் 1976 மாடலில்தான் வந்தது. 1973இன் கரேரா ஆர்எஸ் 2.7, வாத்துவால் போன்ற பின்னிறக்கையோடு 210 குதிரைத்திறன் தந்த அந்தப் புகழ்பெற்ற கார், இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்டதால் நம் கணக்கில் வராது. 1975இல் வந்த முதல் டர்போவும் அப்படியே: 260 குதிரைத்திறன், நான்கே கியர்கள், டர்போ விழித்துக்கொள்வதற்கு முன் ஒரு நீண்ட தாமதம், விழித்த பின் எச்சரிக்கையில்லாத பாய்ச்சல் என்று அதன் இயல்பு இருந்ததால், பழகாதவர் கையில் அது ஆபத்தானது.

இந்தத் தொகுதியில் ஓட்டுவதற்கென்று ஒன்றைத் தேர்வதானால் 1984 முதல் 1989 வரை வந்த கரேரா 3.2தான் பொருத்தம். முந்தைய மாடல்களில் அடிக்கடி பழுதான, வால்வுகளை இயக்கும் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டைமிங் செயின் டென்ஷனருக்கு இதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மாற்று கிடைத்தது. போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் மின்னணுக் கட்டுப்பாடு எஞ்சினைச் சீராக இயக்கியது. ஐரோப்பியப் பதிப்பு 231 குதிரைத்திறன் தந்தது. 1987 மாடலிலிருந்து வந்த ஜி50 கியர்பாக்ஸும் ஹைட்ராலிக் கிளட்சும் அதுவரை கூழைக் கிளறுவது போலிருந்த கியர் மாற்றத்தைத் தெளிவாக்கின. இருந்தும் பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, கேபினுக்கான வெப்பம் புகைக்குழாயைச் சுற்றிய உறைகளிலிருந்து வரும். சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் கைகளுக்கு எட்டும் அந்த நேரடித் தன்மைக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே இது ஏற்றது.

இந்த இடத்தில் ஒரு செய்தி. 911 எண்பதுகளின் தொடக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டிய கார். முன்பக்க எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட 928தான் அதன் இடத்தைப் பிடிக்கும் என்று நிறுவனம் எழுபதுகளில் திட்டமிட்டிருந்தது. 1981இல் தலைமை நிர்வாகியான பீட்டர் ஷூட்ஸ் அந்த முடிவை மாற்றியதாலேயே 911 தொடர்ந்தது. 928 பல வகைகளில் மேலான கார் என்பது உண்மை. வாங்குபவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதும் உண்மை.

அடுத்து வருவது 964 (இதுவும் இனி வரும் 993, 996 போன்ற எண்களும் 911 தலைமுறைகளுக்குப் போர்ஷே இட்ட உள்குறியீடுகள்). வெளித்தோற்றத்தில் பழைய காரே போலிருந்தாலும் அதன் பாகங்களில் 85 சதவீதம் புதியவை என்று போர்ஷே அறிவித்தது. 1989இல் முதலில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட கரேரா 4 வந்தது, பிறகு பின்சக்கர இயக்கம் கொண்ட கரேரா 2. முறுக்கு விசையால் வில்லாக இயங்கிய டார்ஷன் பார்கள் போய்ச் சுருள் வில்கள் வந்தன; பவர் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தன; வேகம் கூடியதும் தானாக எழும் பின்னிறக்கை வந்தது; 3.6 லிட்டர் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகளாகி, திறன் 250 குதிரைத்திறனைத் தொட்டது. ஆனால் தொடக்க கால எஞ்சின்களில் சிலிண்டருக்கும் தலைக்கும் நடுவே எண்ணெய் கசியும் பழக்கம் உண்டு. வால்வு இடைவெளியையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும்.

1993இல் வந்த 993, காற்றுக் குளிர்ச்சிக் கார்களில் கடைசி. இதன் முக்கியத்துவம் டோனி ஹாட்டர் வரைந்த அந்த உருண்டு திரண்ட உடலைவிட, கீழே மறைந்திருக்கும் பின் சஸ்பென்ஷனில்தான் இருக்கிறது. முந்தைய கார்களின் சாய்ந்த பின்கைகளுக்குப் பதிலாக, அலுமினியத் துணைச்சட்டத்தில் பொருத்திய பல இணைப்புக் கைகள் கொண்ட பின் அச்சு வந்தது. வளைவில் காலை எடுத்தாலும் பின்சக்கரங்கள் தம் கோணத்தைத் தாமே திருத்திக்கொள்வதால், முப்பது ஆண்டுகளாக இந்தக் காரின் பெயரோடு ஒட்டியிருந்த பயம் இங்குதான் பெரும்பாலும் தீர்ந்தது. ஆறு கியர்கள், தானே இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் வால்வு லிஃப்டர்கள், 272 குதிரைத்திறன், 1996 மாடலில் உள்ளிழுக்கும் குழாயின் நீளத்தை வேகத்துக்கேற்ப மாற்றும் வேரியோராம் வந்த பின் 285 என்று எல்லா விதத்திலும் இது முதிர்ந்த கார். நல்ல நிலையில் ஒன்று கிடைத்து, பராமரிப்பை அறிந்த மெக்கானிக்கும் அருகில் இருந்தால், காற்றுக் குளிர்ச்சியின் அந்த வறண்ட, உலோகம் உரசும் ஒலிக்காக ஏங்குபவர் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், "கடைசி" என்ற அடைமொழி சேகரிப்பாளர்களை ஈர்த்துவிட்டது. ஓட்டுவதற்காக வாங்கிய காரின் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதன் மதிப்பைக் குறைக்கிறது என்று உரிமையாளர் உணரத் தொடங்கினால், பிறகு அவர் ஓட்டமாட்டார். இங்கு வைத்த கேள்விக்கு 993 முழு விடையாகாமல் போவது அதனால்தான்.

இனி வருவது, அதிகம் திட்டு வாங்கிய 996. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்ஷே பணமின்றித் தள்ளாடியது. வெண்டெலின் வீடெகிங் தலைமைக்கு வந்து, ஜப்பானிய உற்பத்தி வல்லுநர்களை வரவழைத்து ஆலையைச் சீரமைத்தார். பாக்ஸ்டர் என்ற சிறிய காரும் புதிய 911உம் முன்பாதி முழுவதையும் பகிர்ந்துகொள்ளும்படி ஒன்றாக வடிவமைக்கப்பட்டன. அதே சமயத்தில் இரைச்சல், புகை விதிகள் இறுகின. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தால்தான் அவற்றைச் சமாளிக்க முடியும். நான்கு வால்வுத் தலையின் வெப்பத்தைக் காற்றால் மட்டும் அகற்றுவது கடினம். போர்ஷேயின் 959 என்ற முந்தைய சூப்பர்காரிலேயே தலைகளை மட்டும் நீரால் குளிர்வித்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே 1997இல் முழு எஞ்சினும் நீர்க் குளிர்ச்சிக்கு மாறியது. 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன், முந்தைய காரைவிடப் பெரிய உடல் இருந்தும் எடை ஏறத்தாழ 1320 கிலோ. பொறியியல் கணக்கில் இது பெரிய பாய்ச்சல்.

ரசிகர்கள் கண்டது வேறு. ஊற்றிய முட்டை போல் வழிந்த முகப்பு விளக்குகள், பாக்ஸ்டரோடு பகிர்ந்த முகம், மலிவாகத் தோன்றிய உட்புறப் பிளாஸ்டிக். அழகைப் பற்றிய வாதம் காலத்தோடு தணிந்துவிட்டது, இன்று அந்த விளக்குகளை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். தணியாதது இடைத்தண்டு பேரிங் பற்றிய பயம். கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் செயின்களுக்குக் கடத்தும் இடைத்தண்டின் ஒரு முனையில், மூடி முத்திரையிட்ட பந்து பேரிங் ஒன்று இருக்கிறது. நாளடைவில் எஞ்சின் எண்ணெய் உள்ளே புகுந்து அதன் கிரீஸைக் கழுவிவிட, பேரிங் சிதைந்தால் வால்வுகளின் நேரம் தவறி எஞ்சின் முழுவதும் அழியலாம். தொடக்க ஆண்டுகளின் இரட்டை வரிசை பேரிங்கைவிட, பின்னர் வந்த ஒற்றை வரிசை பேரிங் அதிகம் உடைந்தது. அமெரிக்காவில் இது குறித்த கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோயும் இதே எஞ்சின் குடும்பத்தில் உண்டு.

எனினும் இந்த பயம் ஓரளவு மிகைப்படுத்தப்பட்டது என்றே நினைக்கிறேன். பெரும்பாலான 996 எஞ்சின்கள் உடையவில்லை. கிளட்ச் மாற்றும்போது கூடவே பேரிங்கையும் மேம்பட்டதாக மாற்றிவிடலாம். அதைச் செய்ததற்கான ரசீதோடு வரும் 2002க்குப் பிந்தைய 3.6 லிட்டர் கார், 320 குதிரைத்திறனும் உயிருள்ள ஹைட்ராலிக் ஸ்டியரிங்கும் கொண்ட, இலகுவான 911. சேகரிப்பாளர்கள் இன்னும் அதிகம் மொய்க்காததால் கவலையின்றி ஓட்டலாம் என்பது அதன் கூடுதல் தகுதி. அதே 996இன் டர்போவிலும், பந்தயத் தளத்துக்கு ஏற்ற ஜிடி3யிலும் இருப்பது போர்ஷே எஞ்சின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அறியப்படும், பந்தயக் காரிலிருந்து வந்த வேறு எஞ்சின். பேரிங் பயம் அவற்றுக்குப் பொருந்தாது.

2004இல் வந்த 997, ரசிகர்கள் கேட்டதைத் திருப்பிக் கொடுத்தது: வட்ட விளக்குகள், தரமான உட்புறம், இறுக்கமான உடல். ஆனால் முதற்கட்டக் கார்களின் எஞ்சின் 996இன் வழித்தோன்றலே. இடைத்தண்டு பேரிங் உற்பத்தியின் போக்கில் பெரிதாக்கப்பட்டதால் உடைவது குறைந்தது. ஆயினும் எஞ்சினைப் பிரிக்காமல் அந்தப் பெரிய பேரிங்கை வெளியே எடுக்க முடியாது. 355 குதிரைத்திறன் தரும் 3.8 லிட்டர் பதிப்பில் சிலிண்டர் கீறல் பற்றிய புகார்கள் அதிகம். ஆகவே 2008க்கு முந்தைய 997ஐ வாங்குபவர், 996இன் அபாயத்தைக் கூடுதல் செலவில் வாங்குகிறார் என்றே சொல்ல வேண்டும்.

2008இல் வந்த இரண்டாம் கட்டம் முற்றிலும் வேறு. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. ஆகவே அந்த பேரிங்கும் இல்லை. சிலிண்டர் சுவர்களுக்குக் கடினமான வேறு அலுமினியக் கலவை பயன்பட்டது. கரேராவுக்கு 345, அதன் கூடுதல் திறன் பதிப்பான கரேரா எஸ்ஸுக்கு 385 குதிரைத்திறன். இரட்டைக் கிளட்ச் கொண்ட பிடிகே கியர்பாக்ஸ் முதன்முதலாக வந்ததும் இதில்தான். இதே காரில்தான் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கும் டர்போ இல்லாத எஞ்சினும் சாதாரண கரேராவில் கடைசியாகச் சேர்ந்திருந்தன. 1808 மில்லிமீட்டர் அகலம் குறுகிய சாலைகளில் இன்னும் சமாளிக்கக் கூடியது. மேலே சொன்ன மூன்று மாற்றங்களில் ஒன்றின் பலனைப் பெற்று, மற்ற இரண்டின் இழப்பைத் தவிர்த்த கார் இது.

991ஐக் குறைத்து மதிப்பிட முடியாது. 2011இல் வீல்பேஸ் ஒரே தாவலில் 100 மில்லிமீட்டர் நீண்டு 2450ஐத் தொட்டது. அலுமினியமும் எஃகும் கலந்த உடல், கார் பெரிதாகியும் எடையைக் குறைத்தது. நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டுபவர், 997ஐவிட 991இல் களைப்பின்றி இறங்குவார். மின் ஸ்டியரிங் துல்லியமானது, ஆனால் முன்டயர்களுக்கும் கைகளுக்கும் இடையே நடந்த பழைய உரையாடல் அதில் மங்கிவிட்டது. இது எல்லோருக்கும் பெரிய குறையாகப் படாது. 2015இன் இரண்டாம் கட்டத்தில் எல்லாக் கரேராக்களும் 3.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினுக்கு மாறி 370, 420 குதிரைத்திறன் பெற்றன. குறைந்த வேகத்திலேயே இழுவிசை பொங்குவதால் நகரப் போக்குவரத்தில் எளிதாக ஓட்டலாம். ஊசி மேலே ஏற ஏற எஞ்சின் குரல் மாறிக்கொண்டே போகும் அந்தப் பழைய அனுபவம் மட்டும் குறைந்தது. தினசரி அலுவலகம் செல்லவும் இதே காரைப் பயன்படுத்துபவருக்கு, என் பரிந்துரைக்கு அடுத்த இடத்தில் இருப்பது 991இன் முதற்கட்டம்.

ஜிடி3 பக்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 991இன் ஜிடி3, நிமிடத்துக்கு 9000 சுற்றுகள் வரை போகும் எஞ்சினோடு 2013இல் பிடிகேயோடு மட்டும் வந்தது, 2014இல் கனெக்டிங் ராடுத் திருகுகளின் கோளாறால் தீ விபத்துகள் நேர்ந்து, விற்ற 785 கார்களின் எஞ்சின்களையும் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. கையால் கியர் மாற்ற வேண்டும் என்ற குரல் ஓயாததால் 2016இல் 911 ஆர் என்ற சிறப்புப் பதிப்பு, மொத்தம் 991 எண்ணிக்கையில் மட்டும், வந்தது, பிறகு ஜிடி3யிலேயே அந்த வசதி திரும்பியது.

2018இன் இறுதியில் அறிமுகமான 992 வேகத்திலும் பாதுகாப்பிலும் எல்லாவற்றையும் விஞ்சுகிறது. ஆனால் 1852 மில்லிமீட்டர் அகலமும் 1500 கிலோவைத் தாண்டிய எடையும் கொண்ட இந்தக் கார், அதன் முதல் மூதாதையைவிட ஏறத்தாழ கால் மீட்டர் அகலமானது. 2024இல் வந்த ஜிடிஎஸ் என்ற உயர்திறன் பதிப்பு, டர்போவுக்குள் ஒரு மின்மோட்டாரும் எட்டு கியர் பிடிகேக்குள் ஒன்றும் கொண்டு 541 குதிரைத்திறன் தருகிறது. டர்போ தாமதம் என்ற ஐம்பதாண்டுப் பிரச்சினைக்கு இதுவே மிகத் திறமையான விடை. அதே புதுப்பிப்பில், 1963 முதல் நடுவில் முள்ளோடு நின்ற சுற்றுமானி மறைந்து முழுத் திரையாகிவிட்டது. உத்தரவாதத்தோடு புதிய கார் வேண்டும், பழுது பார்க்க நேரமில்லை என்பவர் 992ஐ வாங்கிவிட்டு இந்தக் கட்டுரையை மறந்துவிடலாம்.

மற்றவர்களுக்கு என் தேர்வு 2008க்குப் பிந்தைய 997 கரேரா, 3.6 லிட்டர், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் ஆறு கியர்கள். எஸ் பதிப்பின் கூடுதல் 40 குதிரைத்திறன் சாலையில் அரிதாகவே தேவைப்படும். பிடிகே நல்ல பெட்டிதான், ஆனால் அதன் உள்ளிருக்கும் சென்சார்கள் பழுதானால் செலவு பெரிதாகும்; கையியக்கப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை. பார்க்கப் போகும்போது, அளவுமீறிய சுற்றுகளுக்கு எஞ்சின் எத்தனை முறை போயிருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து அச்சிட்டு வாங்க வேண்டும், ஏனெனில் தவறான கியரில் விழுந்து எஞ்சின் பட்ட அடியை வேறெந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. முன் பம்பரின் இரு துளைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தால், சருகுகள் ஈரத்தோடு தேங்கி ஏசி கண்டென்ஸர்களை அரித்திருக்கிறதா என்று தெரியும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது உயர் அழுத்த எரிபொருள் பம்ப் தடுமாறுகிறதா என்று கேட்க வேண்டும் என்பதால், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, நாம் போய்ச் சேரும்வரை காரைக் கிளப்பாமல் வைத்திருக்கச் செய்வது நல்லது.